பாறை வகையறா, மேட்டு வகையறா

பாவாயிக்குப் பிறந்த தேதி கிடையாது. சேர்வராயன் கோயில் திருவிழா முடிந்த மறுவாரம் பிறந்ததாக அவளுடைய அம்மா சொல்லியிருந்தாள். எந்த வருடம் என்று சொல்லவில்லை. என் நோட்டில் ‘வயது சுமார் 45’ என்று எழுதினேன். முப்பத்தொரு வருடம் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்து, தினமும் காலை எட்டு மணிக்கு மழைமானியைப் பார்த்துக் குறித்தவன் நான். ‘சுமார்’ என்று எழுதப் பிடிக்காது. அவள் விஷயத்தில் வேறு வழியில்லை.

கொட்டச்சேட்டில் காப்பித் தோட்டங்கள் முடிந்து சாமைக்காடு தொடங்கும் இடத்தில் அவள் வீடு. கணவன் பொன்னுவேல் அதிகம் பேசாத மனிதர். சரிவில் கொஞ்சம் சாமை, கொஞ்சம் கேழ்வரகு, பதினோரு ஆரஞ்சு மரம். பறிப்புக் காலத்தில் இருவரும் எஸ்டேட்டுக்கு வருவார்கள். இரண்டு காரியங்களுக்காக ஊரில் பாவாயிக்குப் பெயர் இருந்தது. ஒன்று, மூங்கிலில் பின்னி மண் பூசிய அவள் வீட்டுத் தானியத் தொம்பையில் எலி ஓட்டை விழுந்ததே இல்லை. மற்றது, முறை சொல்வது.

ஒரு வீட்டில் பெண் பார்க்கப் புறப்படுமுன் பாவாயியிடம் வந்து கேட்பார்கள். இரண்டு வீடும் பங்காளிகளாக இருந்துவிட்டால் பிள்ளைகள் அண்ணன் தங்கை ஆகிவிடுவார்கள். மாமன் மச்சானாக இருந்தால் எடுக்கலாம். கேட்டதும் அவள் கண்ணை மூடிக்கொள்வாள். மனசுக்குள் வீடு வீடாக நடக்கத் தொடங்கிவிட்டாள் என்று நமக்குத் தெரியும். ‘இது காளியண்ணன் ஊடு, இவங்கப்பன் கீழ வளவுல இருந்து வந்தாங்க, இந்த ஊட்ல ரெண்டு பொண்ணு’ என்று உதடு மட்டும் அசையும். மூடுபனியில் நடப்பவர்கள் கையை முன்னால் நீட்டுவதுபோல அவளுடைய வலது கை லேசாக நீளும். செத்துப்போனவர்கள், இடிந்துபோன சுவர்கள், இப்போது காப்பிச் செடி நிற்கிற இடத்தில் முன்பு இருந்த வாசல்கள், எல்லாவற்றையும் கடந்து போய்விட்டு, தூக்கத்திலிருந்து எழுந்தவள்போலக் கண் திறந்து, ‘எடுக்கலாம்’ என்பாள். அல்லது ‘ஆகாது, பங்காளி’ என்பாள். இரண்டு சொல்லில் ஒன்றுதான். அதற்குமேல் யாரும் கேட்டதில்லை.

1986 பிப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை, பெங்களூரில் ஓர் ஆய்வகத்திலிருந்து டாக்டர் அமுதா வந்து இறங்கினார். சேர்வராயன் மலைக் காட்டெலிகள் வேண்டும், பிடித்த இடமும் நாளும் வகையும் பிழையில்லாமல் எழுதித்தர ஓர் ஆள் வேண்டும் என்றார். நான் ஓய்வுபெற்று இரண்டு வருடம் ஆகியிருந்தது. எழுதுவதற்கு நான், பிடிப்பதற்குப் பாவாயி என்று ஏற்பாடாயிற்று.

முதல் நாள் இருபது தகரப் பொறிகளில் டாக்டர் சுட்ட தேங்காய்த் துண்டு வைத்தார். மறுநாள் காலை இருபதும் காலி. பாவாயி ஒரு பொறியைத் தூக்கி முகர்ந்து பார்த்தாள்.

“ஏனுங்க டாக்டரம்மா, இந்த மலையில தென்னமரம் ஒண்ணாச்சும் பாத்தீங்களா?”

“கவனிக்கலையே.”

“இந்த எலிங்களுக்குத் தேங்காய்ன்னா என்னன்னே தெரியாதுங்க. பலாக்கொட்டை சுட்டு வைங்க.”

அடுத்த நாள் ஏழு எலி.

அந்தக் காலைகள் எனக்கு இப்போது கனவில் பார்த்தவைபோல இருக்கின்றன. பனி சில்வர் ஓக் மரங்களின் இடுப்பு வரை நிற்கும். மிளகுக் கொடி பனிக்குள்ளிருந்து மேலே ஏறிப்போய் மறுபடி பனிக்குள் மறையும். பாவாயி முன்னால் போவாள்; அவள் காலடி மட்டும் கேட்கும். மார்ச் 19இல் 22 மில்லிமீட்டர் பூமழை பெய்து, ஒன்பதாம் நாள் மலை முழுக்கக் காப்பி பூத்தது. வெள்ளைக்கும் பனிக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அந்த வாசத்தில் பொறிக்குள் இருந்த எலிகள்கூட ஆழ்ந்து தூங்கின. கம்பிவலைப் பெட்டியில் சேலத்துக்கு அனுப்பியபோது, இருபது கொண்டை ஊசி வளைவிலும் ஒன்றுகூட விழிக்கவில்லை என்று பஸ் கண்டக்டர் சொன்னார்.

எலி எதற்கு என்று பாவாயி ஒரு நாள் கேட்டாள். அவள் வீட்டு வாசலில் மூவரும் உட்கார்ந்திருந்தோம்.

“உடம்புக்குள்ள கிருமி புகுந்தா, அதைப் பிடிக்க எதிர்ப்பொருள்னு ஒண்ணு உண்டாகும்” என்றார் டாக்டர். “எந்தக் கிருமி வரும்னு முன்னாடியே தெரியாது. அதனால விதவிதமா செய்யத் தெரிஞ்சிருக்கணும். எப்படிச் செய்யறதுங்கிற குறிப்பு ஒவ்வொரு எலிக்குள்ளயும் நூறுக்கு மேல இருக்கு. அதுதான் மரபணு. ரைட்டர் சார் ஒரு பக்கத்தைத் தவறிப்போய் ரெண்டு தடவை நகல் எடுத்துடறார்னு வைங்க. முதல் நகல் அப்படியே இருக்கும். ரெண்டாவதுல ஒரு எழுத்து மாறும், அதோட நகல்ல இன்னொரு எழுத்து மாறும். இப்படியே ஒண்ணு இருபதாகும். அந்த இருபதும் ஒரு குடும்பம். இன்னொரு எலியில அதே குடும்பத்துல மூணே மூணுதான் மிஞ்சியிருக்கும். எந்த எலியில எந்தக் குடும்பம் பெருகிச்சு, எதுல அழிஞ்சுதுன்னு பார்த்தா, எந்த எலி யாருக்கு எவ்வளவு தூரத்துச் சொந்தம்னு தெரியும்.”

பாவாயி டாக்டர் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

“அப்ப எலி ஒடம்புக்குள்ளயும் பங்காளிங்க இருக்குதா?”

“இருக்கு பாவாயி அம்மா. ஒரே இடத்துல பிறந்து பிரிஞ்சவங்க.”

“பேச்சுவார்த்தை உண்டா, அதும் இல்லீங்களா?”

டாக்டர் சிரித்துவிட்டார். “அதைத்தான் பார்க்கப்போறோம்.”

என் நோட்டு நீளவாக்கில் இரண்டு பத்தி. இடது பக்கம் பென்சிலில், ஒவ்வோர் எலிக்கும் பாவாயி சொன்ன சொல், அவள் வாயில் வந்தபடி. வலது பக்கம் மையில், நான் கொடுக்கும் வகை எண். இந்த இரண்டில் மை எண் மட்டும், எலியைப் பிடித்த வரிசை எண்ணோடு, ஆய்வகத்துக்குப் போகும். வீட்டுச் சுண்டெலி, எண் ஒன்று. அதில் குழப்பம் இல்லை. சாமைக்காட்டில் வெளிர் நிறத்தில் ஒரு சிறிய எலி. காப்பி நிழலில் கறுத்த நிறத்தில் ஒன்று. இவை என்ன என்று கேட்டேன். “இதுங்க ரெண்டும் மாமன் மச்சானுங்க” என்றாள். வேறு வேறு வீடு என்று புரிந்துகொண்டு எண் இரண்டு, எண் மூன்று என்று கொடுத்தேன்.

பிறகு கல்லெலி. முதுகு மயிர் முள்போல விரலில் குத்தும். வளைவாசலில் பயறு அளவுக் கற்களைக் கொண்டுவந்து அடுக்கும். ஒரு வளையில் எண்ணினேன், 61 கல். பாறைச் சரிவிலும் கிடைத்தது, செம்மண் மேட்டிலும் கிடைத்தது. எனக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிந்தன. பாவாயி ஒவ்வொன்றையும் வாலைப் பிடித்துத் தூக்கி, மயிரை எதிர்ப்புறமாக நீவிவிட்டு, ‘பாறை வகையறா’ என்பாள், அல்லது ‘மேட்டு வகையறா’ என்பாள்.

“ரெண்டும் என்ன முறை?” என்று கேட்டேன்.

“பங்காளிங்க.”

ஒரே வேர், ஒரே இனம். இரண்டுக்கும் எண் நான்கு என்று எழுதினேன். அப்படி எழுதிய நாள் 1986 ஏப்ரல் 3. நன்றாக ஞாபகம் இருக்கிறது.

1987 ஜனவரி வரை 93 எலிகள் அனுப்பினோம். ஏப்ரல் 22, புதன்கிழமை, டாக்டரிடமிருந்து கடிதம் வந்தது. அதை எங்கள் ஊர் ஒண்டிக்கடை முக்கில் டீக்கடையில் உட்கார்ந்தே பிரித்தேன். மரபணுக்களைக் கோடு கோடாகக் காட்டும் படத்தில் எண் இரண்டும் எண் மூன்றும் ஒரே எலியாகத் தெரிகின்றன. எண் நான்கிலோ இரண்டு வேறு எலிகள் கலந்திருக்கின்றன. பிடிப்பவர் ஓரிடத்து எலியை வேறிடத்து எலி என்று கொடுத்திருக்கலாமோ என்று ஆய்வகத்தில் சந்தேகப்படுகிறார்கள். இனி வேறு ஆளை வைக்கலாமா என்று யோசனை. மிகவும் வருத்தத்தோடுதான் எழுதியிருந்தார்.

“என்னங்க ரைட்டரே, மூஞ்சி இப்படி ஆயிருச்சு?” என்று பக்கத்து பெஞ்சில் இருந்த கொட்டச்சேட்டு ஐயாக்கண்ணு கேட்டார். நான் விஷயத்தைச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

ஐயாக்கண்ணுவின் தம்பி மகன் வேடியப்பனுக்கு, பாவாயியின் பக்கத்து வீட்டுப் பெண் காவேரியைப் பேசியிருந்தார்கள். மாமன் மச்சான் முறைதான், எடுக்கலாம் என்று பாவாயி சொன்னபிறகுதான் பேச்சே தொடங்கியது. ஐயாக்கண்ணுவுக்கு வேறு இடத்தில் பெண் எடுக்க ஆசை. இரண்டு வீடும் பழைய பங்காளிகள் என்று தம் பாட்டன் சொன்னதாக அவர் சொல்லிக்கொண்டிருந்தார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடிதம் வந்த மூன்றாம் நாள் போட்டுக்கொண்டார்கள்.

“எலியே வகை பிரிக்கத் தெரியலை, மனுசனுக்கு முறை சொல்றாளாம்” என்று அவர் போகிற இடமெல்லாம் சொன்னார். காவேரியின் அப்பா பயந்துவிட்டார். அண்ணன் தங்கையைச் சேர்த்துவைத்த பாவம் நமக்கு எதற்கு, திருவிழா வரை பார்ப்போம் என்றார். பாவாயி இதுவரை முறை சொல்லி நடந்த கல்யாணங்களைப் பற்றியும் ஊரில் பேச்சு எழுந்தது. நாற்பது வீடு. அதில் பிள்ளை பெற்றவர்கள், பேரன் எடுத்தவர்கள்.

நான் போனபோது பாவாயி சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

“பொறியெல்லாம் அடுக்கி வச்சிருக்கறனுங்க. எடுத்துட்டுப் போங்க.”

“பாவாயி, நோட்டைக் கொண்டுவந்திருக்கேன். முதல்ல இருந்து படிக்கிறேன். எங்க தப்புன்னு நீ சொல்லு.”

“நா எதையும் மாத்திச் சொல்லலீங்க.”

“கேளு.”

படித்தேன். பனி வாசல் வழியாக உள்ளே வந்து எங்கள் இருவருக்கும் நடுவில் நின்றது. தாள் ஈரத்தில் மெத்தென்று ஆகிவிட்டது. ‘ஏப்ரல் 3. பாறை வகையறா, மேட்டு வகையறா. பங்காளிகள். ஆகவே ஒரே இனம்’ என்று படித்ததும் முறம் நின்றது.

“என்னுங்க படிச்சீங்க?”

மறுபடி படித்தேன்.

“ஒண்ணுன்னு நா எங்கீங்க சொன்னேன்? பங்காளின்னுதானுங்க சொன்னேன்.”

“பங்காளின்னா ஒண்ணுதானேம்மா?”

பாவாயி என் முகத்தைப் பார்த்தாள். கடிதம் வந்தபிறகு அன்றுதான் அவள் சிரித்தாள்.

“ஏனுங்க ரைட்டரே, பங்காளி ஊட்ல பொண்ணு எடுப்பீங்களா?”

நோட்டில் ஏப்ரல் 3ஐ மறுபடி பார்த்தேன்.

“பாறையானும் மேட்டானும் ஒரு தாத்தனுக்குப் பொறந்ததுங்கதான். ஆனா ஒண்ணோட ஒண்ணு சேராதுங்க. ஒரு வளையில போட்டாலும் ஆளுக்கொரு மூலையில போயி ஒக்காந்துக்கும். சாமைக்காட்டானும் காப்பிக்காட்டானும் அப்படி இல்லீங்க. நெறந்தான் வேற. கொடுக்கல் வாங்கல் உண்டு. ரெண்டு நெறத்துலயும் ஒரே வளையில குட்டி கெடக்கும். மாமன் மச்சான்னு அதுக்குத்தானுங்க சொன்னது.”

அவள் பிரித்துச் சொன்னவற்றை நான் சேர்த்திருக்கிறேன். சேர்த்துச் சொன்னவற்றைப் பிரித்திருக்கிறேன். பென்சில் பத்தி முழுவதும் சரி. மைப் பத்தி தலைகீழ்.

அன்றே டாக்டருக்குத் தந்தி அடித்தேன். ‘பிழை என்னுடையது. படங்களோடு வரவும்.’

மே 10, ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் காலைப் பூசை முடிந்து டாக்டரைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் கொட்டச்சேடு போனேன். திருவிழாவுக்கு ஒரு வாரம் இருந்தது. ஊர் கூடும் இடத்தில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். காவேரி அவள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். பாவாடை ஓரம் மட்டும் தெரிந்தது. நான் எழுந்து, பிழை எழுதிய கையில், சொன்ன வாயில் இல்லை என்றேன்.

“அது எப்படீங்க தெரியும்?” என்றார் ஐயாக்கண்ணு. “அவளக் காப்பாத்தறதுக்கு இப்ப நீங்க சொல்லலாமில்ல?”

“கல்லெலி 41. டாக்டரம்மா நோட்டை இதுவரைக்கும் பார்த்ததில்லை. அவங்க படத்தைப் பார்த்துச் சொல்லட்டும். நான் பென்சில்ல எழுதினதைப் படிக்கிறேன். நீங்களே கேளுங்க.”

டாக்டர் படச்சுருளை வானத்தை நோக்கிப் பிடித்தார். பனிக்கு முன்னால் அந்தப் படம், தூரத்து மலைச்சரிவில் வரிசை வரிசையாக விளக்கு எரிவதுபோல இருந்தது. விளக்குகள் மட்டும் கறுப்பு. ஒரு வரிசை ஓர் எலி, ஒரு கோடு ஒரு மரபணு. சில வரிசையில் ஒரே குடும்பத்துக்குப் பதினெட்டுக் கோடு. சிலவற்றில் நான்கு.

“எண் 8. பதினெட்டுக் கோடு.”

“பாறை வகையறா” என்று படித்தேன்.

“எண் 9. நாலு கோடு.”

“மேட்டு வகையறா.”

பதினெட்டு என்றால் பாறை, நான்கு என்றால் மேடு என்று ஐந்தாறு எலிக்குள் எல்லோருக்கும் பிடிபட்டுவிட்டது. அப்புறம் நான் படிக்குமுன் கூட்டமே சொல்லத் தொடங்கியது, கோயிலில் பாட்டுக்குப் பின்பாட்டு எடுப்பதுபோல. பாவாயி மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எண் 33. பதினெட்டு.”

“பாறை” என்றது கூட்டம்.

“தெரியலை” என்று படித்தேன்.

எல்லோரும் திரும்பினார்கள். “குட்டிங்க அது” என்றாள் பாவாயி. “மயிரு முத்தலை. தெரியலைன்னு அன்னிக்கே சொல்லிட்டேன்.” எண் 34ம் அப்படியே. அதன்பின் எண் 57.

“நாலு கோடு.”

“பாறை வகையறா.”

ஐயாக்கண்ணு தொடையில் தட்டினார்.

“அப்பத் தப்பும் உண்டு.”

“உண்டுங்க” என்றாள் பாவாயி. “அது நாந்தான் தப்பு.”

மிச்சம் எல்லாம் பொருந்தின. 38 சரி, இரண்டு தெரியாது, ஒன்று தவறு.

“காவேரி விசயமும் அந்த அம்பத்தேழா இருந்தா என்ன பண்றது?” என்று ஐயாக்கண்ணு கேட்டார். கேலியாக இல்லை, நிஜமாகவே கேட்டார். அந்தக் கேள்வி எல்லோருக்குள்ளும் இருந்தது.

பாவாயி எழுந்து நின்றாள். “நா தப்பாச் சொன்னா எலி வாய் தொறந்து நிறுத்தாதுங்க. நீங்க நிறுத்துவீங்க. நா நடக்கறேன். தப்பான ஊட்ல நொழைஞ்சா நிறுத்துங்க.”

கண்ணை மூடினாள். கை நீண்டது. இந்தத் தடவை உதட்டோடு நிறுத்தாமல் வாய்விட்டுச் சொன்னாள். காவேரியின் அப்பன் வீடு, அவனுடைய அப்பன் வீடு, கீழ வளவு, சுனைக்குப் போகும் பாதை, எரிந்துபோன ஒரு கூரை, அங்கிருந்து மேலே. பிறகு வேடியப்பன் பக்கம் திரும்பி, அவன் அப்பன், அப்பனுடைய அப்பன். கேட்டுக்கொண்டிருந்த எங்களுக்கும் கண் மூடிக்கொண்டது. எவ்வளவு நேரம் என்று நான் கடிகாரம் பார்க்கவில்லை. ஐயாக்கண்ணு நிறுத்தவில்லை.

“ஐயாக்கண்ணண்ணே, இப்ப உங்க பாட்டன் ஊட்டு வாசல்ல நிக்கறேன். பாட்டன் செத்துக் கெடக்காரு. நீங்க சின்னப் பையன். காவேரி ஊட்டுக்காரங்க வந்தாங்க. மொட்டை அடிச்சாங்களா, கோடி போட்டாங்களா?”

பங்காளி என்றால் மொட்டை அடிப்பார்கள். மாமன் மச்சான்தான் கோடித்துணி கொண்டுவருவார்கள்.

ஐயாக்கண்ணு வெகுநேரம் எதிரே இருந்த பனியையே பார்த்தார். “நொம்பப் பனி அன்னிக்கு” என்றார். “தாரை சத்தம் மட்டும் முதல்ல வந்துச்சு. அப்புறம் ஆளுங்க வந்தாங்க. ஒருத்தரு என்னையத் தோள் மேல தூக்கி வச்சுக்கிட்டாரு. அவரு தலையில துணி இருந்துச்சு. நா அதப் புடிச்சிருந்தேன்.” நிறுத்தினார். “புதுத்துணி. கஞ்சி வாசம். கோடிதான்.”

பாவாயி கண்ணைத் திறந்தாள். “எடுக்கலாம்” என்றாள்.

கதவுக்குப் பின்னால் தெரிந்த பாவாடை ஓரம் மறைந்தது. ஐயாக்கண்ணு துண்டை உதறித் தோளில் போட்டார். “அம்பத்தேழ மட்டும் மறந்துறாத பாவாயி” என்றார்.

“நீங்க மறக்க உடுவீங்களா?”

அன்று மாலை நோட்டின் மைப் பத்தியைச் சிவப்பு மையில் அடித்து, புதிய எண் எழுதி, ஒவ்வொரு வரிக்கும் சுருக்கொப்பமும் தேதியும் வைத்தேன். 57க்கு நேராக என்ன எழுதுவது என்று கேட்டேன். ‘பாவாயி தப்பு’ என்று எழுதச் சொன்னாள். எழுதினேன்.

ஆவணியில் கல்யாணம். 1989இல் டாக்டர் தம் ஆய்வுக் கட்டுரையின் அச்சுப்பிரதி அனுப்பினார். கடைசிப் பக்கத்தில் எலிகளின் வம்சக் கோடு ஒரு மரம்போல வரைந்திருந்தது. பாறை எலி ஒரு கிளை, மேட்டெலி ஒரு கிளை. பாவாயி பாறைக் கிளையில் விரலை வைத்துப் பின்னோக்கி நகர்த்தினாள். மேட்டுக் கிளை வந்து சேரும் இடத்தில் விரல் நின்றது.

“இங்க ஒரே ஊடா இருந்தாங்களா?”

“ஆமா.”

“எத்தன வருசம் இருக்குமுங்க?”

“சில லட்சம் வருஷம்னு போட்டிருக்காங்க. சரியாத் தெரியாது. சுமார்.”

“அவ்வளவு தூரம் நா போனதில்லீங்க” என்றாள். விரலை எடுக்காமலே மெல்லக் கண்ணை மூடிக்கொண்டாள்.